நக்கிள்ஸ் மலைக்குப் போக முதல் எழுதிய கடதாசி



சென்ற விடுமுறையில் நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் நக்கிள்ஸ் மலைப்பக்கம் போய் வந்த படங்களைப் போட்டதிலிருந்து இன்பொக்ஸ் நிறைந்து கிடக்கிறது. பிள்ளைகள் கேட்பது ஒன்று: "சேர், அடுத்த முறை எங்களையும் கூட்டிப் போங்க." பெரியவர்கள் கேட்பது இன்னொன்று: "கடற்கரையில பிறந்த உங்களுக்கு மலையில என்ன வேலை?" மூன்றாவதாக ஒரு கதையும் ஊருக்குள் ஓடுகிறது. நாங்கள் வெள்ளத்தில் அடிபட்டுப் போகப் பார்த்தோமாம், ஹெலிகொப்டர் வந்துதானாம் காப்பாற்றியது.

ஹெலிகொப்டர் எதுவும் வரவில்லை. வந்தது மூன்று பேர், ஒரு கயிறு, ஒரு பிளாஸ்க் பிளேன்டீ. அந்த மூன்று பேரை வர வைத்தது ஒரு கடதாசி. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

இந்தப் பயணம் உண்மையில் 2019 ஓகஸ்ட்டில் போக இருந்தது. ஆசிரியர் அறையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு தொடங்கிய கதை. புவியியல் படிப்பிக்கிற சேர் சொன்னார்: "ஒவ்வொரு வருஷமும் 1:50,000 இடவிளக்கப் படத்தில சமவுயரக் கோடு படிப்பிக்கிறேன். கோடு நெருங்கி இருந்தா செங்குத்துச் சாய்வு என்று சொல்றேன். ஒரு நாளாவது அந்தச் சாய்வில ஏறிப் பார்த்ததில்ல." எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் பள்ளிவாசல் மினாராதான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது எங்களை விடவில்லை.

பிறகு ஏப்ரல் 21 வந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 இற்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள். ஐந்து நாளில் சாய்ந்தமருதில் வெடித்த சத்தம் எங்கள் கரையோர ஊர்களுக்கெல்லாம் கேட்டது. அதற்கு முந்திய வருடம் பெப்ரவரியில் அம்பாறையிலும் மார்ச்சில் திகனயிலும் நடந்தது வேறு மனதில் இருந்தது. நக்கிள்ஸுக்குப் போகிற பாதை அம்பாறைக்குள்ளால்தான் போகிறது. திகன மலைக்கு அந்தப் பக்கம், கண்டி வீதியில் இருக்கிறது.

எங்களில் ஒருவருடைய உம்மா சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "மகன், தோளில பெரிய பேக்கோட அஞ்சு சோனகர் காட்டுக்குள்ள போனா யாரு என்ன நினைப்பாங்க? இந்த வயசில எனக்கு அந்தத் தலையிடி வேணாம்." அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. திட்டத்தைக் கைவிட்டோம். அதன்பிறகு கொரோனா, பெற்றோல் வரிசை, விலைவாசி. வருடங்கள் போயின.

மறுபடியும் தொடங்கி வைத்தவர் பெரிய சேர். எங்கள் பிரதி அதிபர். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. ஒரு நாள் வரவுப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த மலை இன்னும் அங்கதானே இருக்கு?"

அந்த மலையைப் பற்றிச் சில வரிகள். கைவிரல்களை மடக்கிக் குத்துப் பிடித்தால் மொளிகள் தெரியுமே, அப்படித் தெரிந்ததால் வெள்ளைக்காரர்கள் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் தும்பர மலைத்தொடர். மிக உயர்ந்த சிகரம் கொம்பானிய, 1906 மீற்றர். கண்டி, மாத்தளை என்று இரண்டு மாவட்டங்களிலும் கிடக்கிறது. 2010 இல் ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக்கியது. உலகில் வேறெங்கும் இல்லாத, மூக்கு நுனியில் இலை போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிற ஓணான் இங்கே இருக்கிறது. நாங்கள் புரியாணிக்குப் போடுகிற ஏலக்காய் ஒரு காலத்தில் இந்தக் காட்டு மரங்களின் கீழேதான் பெருவாரியாக விளைந்தது. காடு அழிகிறது என்று பிறகு அதற்குத் தடை வந்தது.

திட்டத்தை நாட்காட்டியில் தொடங்கினோம். அங்கேயே முதல் சிக்கல். எங்கள் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நோன்புக்குத்தான். நோன்போடு மலை ஏற ஏலாது. மற்ற விடுமுறைகள் குறுகியவை. டிசம்பர், ஜனவரி என்றால் வடகீழ்ப் பருவமழை. மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. இந்த மலைத்தொடர் இரண்டு பருவமழைக்கும் குறுக்கே நிற்பதால் "மழையே இல்லாத மாதம்" என்று ஒன்றை யாரும் எழுதித் தர முடியாது. ஓகஸ்ட்டில் மேற்குச் சரிவு நனைந்து கிடக்கும், மீமுரே இருக்கிற கிழக்குப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். ஆகவே ஓகஸ்ட் என்று முடிவெடுத்தோம். "ஓரளவு" என்ற அந்தச் சொல்லை அப்போது நாங்கள் சரியாக மதிக்கவில்லை என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறோம்.

அடுத்தது கணக்கு. கணித சேர் எங்கிருந்தோ ஒரு விதியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892 இல் சொன்னது. சமதரையில் 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு 600 மீற்றர் உயரம் ஏற மேலும் ஒரு மணித்தியாலம் என்று கூட்ட வேண்டும். 12 கிலோமீற்றர் தூரம், 900 மீற்றர் ஏற்றம் என்றால் 2.4 உடன் 1.5 சேர்த்து ஏறத்தாழ 4 மணித்தியாலம். நாங்கள் சந்தோஷப்பட்டோம். கணித சேர் பேனையை எடுத்து இரண்டால் பெருக்கினார். "இது குளிர்நாட்டுத் திடகாத்திரமான ஆளுக்கு. நமக்கு வயசு, வெக்கை, அட்டை, வழுக்கு. எட்டு மணித்தியாலம்." எங்கள் நாட்டில் ஆறரைக்கு இருட்டிவிடும். அந்தி வெளிச்சம் கனநேரம் நிற்காது. காட்டுக்குள் அதற்கும் முந்தியே இருட்டும். ஆகவே காலை 6.30 இற்குப் புறப்பட வேண்டும். பிற்பகல் 1 மணிக்கு அன்றைய பாதையில் பாதித் தூரம் தாண்டவில்லை என்றால், எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். இது எங்கள் முதலாவது விதி.

பிறகு பயிற்சி. மலையே இல்லாத ஊரில் மலை ஏறப் பழகுவது எப்படி? உடற்கல்வி சேர் வழி சொன்னார். பாடசாலையின் மூன்று மாடிக் கட்டடம். கீழிருந்து மேல்மாடிக்கு ஏறத்தாழ 7 மீற்றர். பையில் பழைய பாடப்புத்தகங்களை நிரப்பினால் 8 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நாற்பது தடவை ஏறி இறங்கினால் 280 மீற்றர். அஸருக்குப் பிறகு இரண்டு மாதம் இதைச் செய்தோம். காவலாளி முதல் நாள் பயந்தே போனார். எதையோ களவெடுத்துக்கொண்டு போகிறோம் என்று நினைத்திருப்பார். சனி, ஞாயிறுகளில் கடற்கரை மணலில் புதுச் சப்பாத்தோடு பத்துக் கிலோமீற்றர். புதுச் சப்பாத்தை மலையில் போய்த்தான் முதன்முதலாகப் போடுவது எவ்வளவு பிழை என்பதை எங்கள் குதிக்கால்கள் மணலிலேயே சொல்லித் தந்தன.

மூன்றாவது சனிக்கிழமை அந்த மணலில்தான் அது நடந்தது. பெரிய சேர் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தால் வள்ளம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வியர்த்து ஊற்றுகிறது, கை நடுங்குகிறது, பேச்சுக் குழறுகிறது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர். அன்று சுபஹுக்குப் பிறகு குளிசையைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். சீனி இறங்கிவிட்டது. பக்கத்துக் கடையில் இனிப்புச் சோடா வாங்கிக் கொடுத்து, கால்மணித்தியாலத்தில் தெளிந்தார். தெளிந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "வீட்ட சொல்லாதீங்க."

அன்றிரவு நாங்கள் நாலு பேரும் கூடினோம். யாருக்கும் பேச வாய் வரவில்லை. நாங்கள் சப்பாத்து, பை, கூடாரம், டோர்ச் என்று நாற்பது சாமான் எழுதிய பட்டியலில் "யார் யாருக்கு என்ன வருத்தம்" என்ற ஒரு வரி இல்லை. ஒருவரை ஒருவர் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருந்தோம். வயதுக்கு மூத்தவரிடம் "உங்களுக்கு ஏலாது" என்று எப்படிச் சொல்வது? அவர்தானே இந்தப் பயணத்தை மறுபடியும் எழுப்பியவர்.

அந்தக் கஷ்டத்தை எங்களுக்கு வைக்காமல் அவரே டொக்டரிடம் போனார். ஏற்ற இறக்கத்தோடு எட்டு மணித்தியாலம் நடப்பதையும், ஆஸ்பத்திரியை விட்டு அவ்வளவு தூரம் காட்டில் படுப்பதையும் டொக்டர் விரும்பவில்லை. திங்கட்கிழமை காலைக் கூட்டம் முடிந்து வந்து பெரிய சேர் எங்களிடம் சொன்னார்: "நான் மீமுரே வரைக்கும் வாறேன். காட்டுக்குள்ள நீங்க போங்க. ஒரு ஆள் வெளியில இருக்கத்தானே வேணும்?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் கடதாசி பிறந்தது. வெளியில் ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு பக்கத்தில் எழுதினோம். மேலே எங்கள் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், வீட்டுத் தொலைபேசி. அதன் கீழே யாருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. இந்த முறை எல்லோரும் உண்மையை எழுதினோம். அடுத்து ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்கு வருகை, எந்த நிறக் கூடாரம், எந்த நிற ரெயின்கோட். அதன் கீழே எங்கள் நாலு விதிகள்:

1. பிற்பகல் 1 மணிக்குப் பாதித் தூரம் தாண்டாவிட்டால் திரும்புவது.
2. யாரும் தனியாகப் போவதில்லை, மலசலகூடத் தேவைக்கும்கூட.
3. முழங்காலுக்கு மேல் ஓடுகிற தண்ணீரைக் கடப்பதில்லை.
4. நாலு பேரில் ஒருவர் "போதும்" என்றால் எல்லோருக்கும் போதும்.

கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதினோம். "மூன்றாம் நாள் பின்னேரம் 4 மணிக்கு மீமுரேக்கு வந்து சேர்வோம். இரவு 7 மணியாகியும் வரவில்லை என்றால் தேட ஆட்களை அனுப்பவும்." தாமதம் வேறு, ஆபத்து வேறு. அந்த மூன்று மணித்தியால இடைவெளி அதற்குத்தான். இல்லாவிட்டால் அரை மணித்தியாலம் பிந்தினாலும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அல்லது விடியும் வரை யாரும் அசைய மாட்டார்கள்.

இதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டியிருந்தது. சிங்களப் பிரதியை நாங்களே எழுதி, இரண்டாம் மொழி படிப்பிக்கிற மிஸ்ஸிடம் திருத்தக் கொடுத்தோம். அந்த முதல் பிரதியில் முக்கால் பக்கம் வேறு கதை. நாங்கள் அரசாங்க ஊழியர்கள், இத்தனை வருடச் சேவை, எந்த அமைப்போடும் தொடர்பில்லை, பைகளில் உடுப்பும் உணவும் மட்டும்தான், எந்த நேரமும் சோதிக்கலாம். மிஸ் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சேர், இது பயணத் திட்டமா, மன்னிப்புக் கடிதமா?" என்று கேட்டார். சிவப்புப் பேனையால் அந்த வரிகள் எல்லாவற்றையும் வெட்டினார். "நீங்க யாரு, எங்க போறீங்க, எப்ப வருவீங்க. அது போதும்."

வெட்டியது சரிதான். ஆனாலும் எங்கள் மனதில் அந்தச் சிங்களப் பிரதி அப்போதும் காவலுக்கு வைத்த கடதாசியாகத்தான் இருந்தது. யாராவது மறித்துக் கேட்டால் காட்டுவதற்கு. இதை மறைக்காமல் சொல்கிறோம்.

நாலு பிரதி எடுத்தோம். ஒன்று வீடுகளுக்கு. ஒன்று எங்கள் கிராம உத்தியோகத்தரிடம். ஒன்று பெரிய சேரின் கையில். ஒன்று மீமுரேயில் தங்குகிற வீட்டாருக்கு. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முன்னதாகவே எடுத்து, அந்த ஊர் வழிகாட்டி ஒருவரையும் ஒழுங்கு செய்தோம். வழிகாட்டியின் கூலியில் பேரம் பேசவில்லை. உயிரை ஒப்படைக்கிற இடத்தில் இருநூறு ரூபாவுக்கு இழுபறிப்பட ஏலாது.

தொழுகையைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். மௌலவியிடம் போய் விபரமாகக் கேட்டோம். பயணத் தூரம் போதுமானது, ஓரிடத்தில் நாலு நாள் தங்கவும் இல்லை. ஆகவே சுருக்கியும் சேர்த்தும் தொழலாம் என்றார். தயம்மும் பற்றிக் கேட்டபோது சிரித்தார். "நீங்க போற இடத்தில தண்ணிக்குப் பஞ்சமில்ல. தண்ணியில விழாமப் பார்த்துக்கொள்ளுங்க." கிப்லா அங்கிருந்து மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே. திசையறி கருவி வைத்திருந்தோம். சாப்பாட்டில் ஹலால் சிக்கல் வரக்கூடாது என்று சோறு, பருப்பு, மரக்கறி, டின் மீன், ஈத்தம்பழம் என்று வைத்துக்கொண்டோம். காட்டில் நெருப்பு மூட்டக்கூடாது. சிறிய எரிவாயு அடுப்பொன்றை இரவல் வாங்கினோம். கூடாரங்கள் சாரணர் பிள்ளைகளுடையவை. அத்தர் பூசவேண்டாம், வாசனைக்குத் தேனீயும் குளவியும் கலையும் என்று வழிகாட்டி போனில் சொல்லியிருந்தார். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். எலிக்காய்ச்சல் பற்றி டொக்டரிடம் முன்கூட்டியே ஆலோசனை கேட்டோம்.

சுபஹு தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். அம்பாறை, மகா ஓயா, மஹியங்கனை. அங்கிருந்து பதினெட்டு வளைவில் ஏறும்போது தமிழ் படிப்பிக்கிறவர் (இதை எழுதுகிற கை அவருடையது) இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஹுன்னஸ்கிரியவில் பெரிய வீதியை விட்டுத் திரும்பி, லூல்வத்த பக்கம் இறங்கி, கோபட்ஸ் கெப் கணவாயைக் கால்நடையாகத் தாண்டினோம். பெரிய சேர் வாகனத்தில் முன்னால் போனார். கணவாயில் நின்று பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் முக்கோணமாக லக்கேகல. புவியியல் சேர் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். காற்றில் படம் படபடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் சொன்னார்: "கோடு சரியாத்தான் கீறியிருக்கான்."

பாதையில் எங்கும் யாரும் எங்களை மறிக்கவில்லை.

மீமுரேயில் தங்கிய வீட்டு ஐயாவிடம் சிங்களப் பிரதியைக் கொடுத்தோம். கொடுக்கும்போது எங்களுக்குள் ஒரு கூச்சம். அவர் முற்றத்து வெளிச்சத்தில் வைத்து மெதுவாக முழுவதும் வாசித்தார். பிறகு உள்ளே போய்ச் சோற்றுப் பருக்கை எடுத்து வந்து, கலண்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினார். அன்றிரவு அந்த வீட்டுக்கு வந்து போன எல்லோரும் அதை வாசித்தார்கள். எங்கள் வருத்தங்கள் உட்பட.

காட்டுக்குள் நடந்த இரண்டு நாளின் பாதையை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. எழுதினால் வழிகாட்டி இல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டு போக நாலு பிள்ளைகள் கிளம்புவார்கள். காட்டுக்குள் போன் பேசாது. மற்றதெல்லாம் படங்களில் இருக்கிறது.

மூன்றாம் நாள் திரும்பும் வழி. பகல் முழுவதும் நாங்கள் நடந்த பக்கம் வெயில். மேலே உச்சியை மட்டும் கறுத்த மேகம் மூடியிருந்தது. பின்னேரம் 3 மணிக்குக் கடைசி ஓடைக்கு வந்தோம். முந்தின நாள் காலையில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்காலளவு தண்ணீரில் கடந்த ஓடை. இப்போது பால் தேத்தண்ணி நிறத்தில், இடுப்பளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தலையில் ஒரு துளி மழை விழவில்லை. மேலே பெய்தது கீழே வந்திருக்கிறது.

அக்கரையிலிருந்து மீமுரே ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. உடற்கல்வி சேர் பையை இறக்கினார். "இடுப்பளவுதானே. கடல்ல பிறந்தவனுக்கு இது என்ன? நான் கயிறோட முன்னுக்குப் போறேன்." உண்மையில் எங்கள் எல்லோருக்கும் அந்த எண்ணம் இருந்தது. அலைக்குள் நீந்தி வளர்ந்தவர்கள் நாங்கள். வழிகாட்டித் தம்பி தலையை ஆட்டினார். கடல் தூக்கும், ஓயா இழுக்கும் என்றார். எங்களுக்குச் சரியாக விளங்கவில்லை.

கணித சேர் பையிலிருந்து கடதாசியை எடுத்தார். ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் விதியில் விரலை வைத்துக் காட்டினார். உடற்கல்வி சேர் கோபத்தோடு கல்லில் குந்தினார். பத்து நிமிடம் ஆகியிருக்காது, மேலிருந்து ஒரு மரம் வேரோடு வந்தது. அவர் இறங்கப் பார்த்த இடத்தில் பாறையில் மோதி, நிமிர்ந்து, சுழன்று கீழே போனது. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

கரையை விட்டு மேட்டில் ஏறிக் கூடாரத்தை விரித்தோம். 4 மணியாயிற்று. 5, 6. மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதோம். தொழுதுவிட்டு எழும்பும்போது ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்ததை ஊருக்கு வந்த பிறகுதான் ஒத்துக்கொண்டோம். எங்களுக்கு உணவு இருந்தது, கூடாரம் இருந்தது. ஆபத்தில் இல்லை. ஆனால் அதை வெளியில் இருப்பவருக்குச் சொல்ல வழியில்லை. கணித சேர் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழானதும் சொன்னார்: "இப்ப பெரிய சேர் எழும்புவார்."

எட்டு நாற்பதுக்கு அக்கரையில் மூன்று டோர்ச் வெளிச்சம் தெரிந்தது. வழிகாட்டியின் அண்ணனும் இரண்டு இளைஞர்களும். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் ஒரு குரல் வந்தது. "ஒஹொம இன்ன, நானா! பய வென்ன எப்பா!" அப்படியே இருங்க நானா, பயப்படாதீங்க.

அவர்களும் கடக்க முயலவில்லை. அக்கரையில் குந்திக்கொண்டார்கள். நாங்கள் இக்கரையில். அவர்களில் ஒருவர் டோர்ச்சால் தண்ணீர் மட்டத்தில் ஒரு கல்லை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பதினொன்றரைக்குத் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. கயிற்றை இரு கரையிலும் கட்டி ஒவ்வொருவராகக் கடந்தோம். பிளாஸ்க்கில் இருந்த பிளேன்டீ இன்னும் சூடாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தோம். பெரிய சேர் வாசற்படியில் கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒவ்வொருவருடைய பெயருக்கு நேரேயும் பேனையால் சரி போட்டார், வகுப்பில் வரவு எடுப்பது போல. போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏழு மணிக்குச் சொன்னேன். ஏழு அஞ்சு ஆக விடல்ல." பிறகுதான் அவர் கை நடுங்குவதைப் பார்த்தோம். சீனியா என்று பயந்து கேட்டோம். இல்லை, சாப்பிட்டேன் என்றார்.

அவருக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் அன்று அவர் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாராம். வீட்டு ஐயா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்க் குரல் கொடுத்தாராம்.

மறுநாள் காலை புறப்பட முதல், எங்களில் ஒருவர் அந்த ஐயாவிடம் மனதில் இருந்ததைக் கேட்டே விட்டார். நாங்கள் இவ்வளவு பெரிய பைகளோடு வந்தபோது உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா? அவருக்குக் கேள்வி முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "இங்க வாற எல்லாரும் பையோடதான் வாறாங்க. பேரை எழுதித் தந்தது நீங்கதான். மற்றவங்க பிந்தினா யாரைத் தேடுறது என்றே எங்களுக்குத் தெரியாது."

வேனில் திரும்பி வரும்போது இதைத்தான் கதைத்தோம். சந்தேகத்துக்குப் பயந்து எழுதிய கடதாசிதான் எங்களைத் தேடி வர வைத்தது. 2019 இல் உம்மா சொன்னது அன்றைக்கு உண்மை. அன்றைக்கு நாங்கள் போகாததும் சரி. ஆனால் பயத்தில் பெயரை மறைத்துக்கொண்டு போயிருந்தால் இன்று அந்த ஓடைக்கரையில் விடியும் வரை தனியாகத்தான் இருந்திருப்போம். அல்லது பொறுமை இழந்து இறங்கியிருப்போம்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் கேள்விக்குப் பதில் இது. மலைக்குப் போங்கள். நம் நாடு. ஆனால் அனுமதி எடுங்கள், அந்த ஊர் வழிகாட்டியோடு போங்கள். போகிற வாரம் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் முற்பணம் போனாலும் பரவாயில்லை, வீட்டில் இருங்கள். பொலிஸ் 119, அம்பியூலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இவற்றைப் போனிலும் கடதாசியிலும் எழுதி வையுங்கள். நீந்தத் தெரியும் என்ற தைரியத்தைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் கூட்டாளிக்கு என்ன வருத்தம் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

குடும்பத்தோடு போகலாமா என்று கேட்ட ஆசிரியைகளுக்கு: டீன்ஸ்டன் பக்கம் சின்ன உலக முடிவு வரை ஒரு நாளில் நடந்து திரும்பக்கூடிய குறுகிய பாதை இருக்கிறது. விளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பெரியவர்களின் கேள்விக்கு, மலையில் என்ன வேலை என்பதற்கு, சரியான பதில் எங்களிடம் இன்னும் இல்லை. புவியியல் சேர் மட்டும் இந்தத் தவணை சமவுயரக் கோடு படிப்பிக்கும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். பிள்ளைகள் வந்து சொன்னார்கள்.

கடதாசியின் மாதிரிப் பிரதி, தமிழும் சிங்களமும், பாடசாலை அலுவலகத்தில் இருக்கிறது. பெரிய சேரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: "வெளியில இருக்கப் போறது யாரு?" என்று கேட்பார். அந்தப் பெயரைச் சொல்லாமல் கடதாசியைத் தரமாட்டார்.

அந்த மூன்று பேருக்கும், அந்த வீட்டாருக்கும் அல்லாஹ் நல்லருள் புரிவானாக. துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.